ஆறு மூடுவதற்குள்

பார்ன்பி
ஜனவரி 9

நெவில்,

ஃபோனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். சரி, கடிதம் எழுதுகிறேன். இதை உன்னால் படிக்க முடியாது, டோரீன்தான் படித்துக் காட்ட வேண்டும், ஆகவே பாதியில் வைக்கவும் உன்னால் ஆகாது. டோரீன், உன் புருஷன் கத்தினாலும் நிறுத்தாதே. கடைசி வரி வரைக்கும் படி.

ஆமாம், கண் தெரியாமல் கார் ஓட்டுகிறாய் என்று லைசென்ஸ் அலுவலகத்துக்கு எழுதியவன் நான்தான். மொட்டைக் கடுதாசி இல்லை. கீழே என் பெயரும் விலாசமும் போட்டுத்தான் எழுதினேன். ஏன் எழுதினான் என்று நீ ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாயாம். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை அணைக்கட்டுக்குக் கீழே எப்போதும் போல தூண்டில் போட்டுக்கொண்டு அருகருகே உட்கார்ந்திருந்தோம். நீ திடீரென்று கம்பை வெட்டி இழுத்தாய். "போச்சுடா, கடிச்சுட்டு ஓடிருச்சு" என்றாய்.

"எதுடா கடிச்சுது?" என்றேன்.

"தக்கை முங்குச்சே, பாக்கலையா நீ? உனக்குத்தான் கண்ணு போச்சு!"

முங்கியது என் தக்கை, நெவில். உன் தக்கை கரையோர வேரில் மாட்டிப் படுத்துக் கிடந்தது. நீ காலையிலிருந்து என் தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். டிரென்ட் ஆற்றில் தக்கை விடுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை என்று இரண்டு கரையிலும் பேசுவார்கள். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் உன் தக்கையை வேரிலிருந்து எடுத்துவிட்டேன்.

சிரிப்போடு போயிருந்தால் நான் யாருக்கும் எழுதியிருக்க மாட்டேன். திரும்பி வரும்போது நீ ஓட்டினாய். தேவாலயத் திருப்பத்தில் சைக்கிளில் ஒரு சின்னப் பெண், சிவப்புக் கோட்டு, முதுகில் பை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று உனக்கே தெரியும். கார் வேலியில் ஏறி நின்றது. "நான் பாத்துட்டேன்டா, பனிமூட்டமா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றாய். அப்போது வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

போகட்டும். செவ்வாய்க்கிழமை பழைய சரளைக் குழி ஏரிக்குப் போனேன். ஓரத்தில் மெல்லிசாக உறைந்திருந்தது. புழு போட்டு இரண்டு ரோச் மீன் பிடித்தேன், உள்ளங்கை அளவு. திரும்ப விட்டேன். விரல் விறைத்துப் போய், பிளாஸ்க் மூடியைத் திறக்கவே பெரும் பாடு.

மார்ச் பதினான்கோடு ஆறு மூடிவிடும். அப்புறம் ஜூன் பாதி வரைக்கும் ஆற்றில் ஒருவனும் தூண்டில் போட முடியாது. அதற்குள் ஒரு நாளாவது வா. நான் வந்து கூட்டிப் போகிறேன்.

மெர்வின்

•

ஹேஸல்பி
ஜனவரி 17

மெர்வின்,

டோரீன் எழுதுகிறாள், நான் சொல்கிறேன். உனக்கு ஒரு கடிதம் எழுதக்கூட இப்போது எனக்கு ஆள் வேண்டியிருக்கிறது. சந்தோஷம்தானே?

ஐம்பது வருஷமாக நான் வண்டி ஓட்டுகிறேன். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. (ஒரு கோழியை இடித்திருக்கிறார். என் அண்ணனுடையது. - டோரீன்) அந்தப் பெண்ணை நான் பார்த்தேன். பிரேக்கில் கால் வைக்கப் போனேன். அதற்குள் நீ பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாய், கார் வேலியில் ஏறியது. தப்பு யார் மேல்?

எழுதுவதற்கு முன்னால் என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாயா? இல்லை. லைசென்ஸை ரத்து செய்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தபோது நான் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தேன். டோரீன் படித்துக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவள் அழுகிறாள் என்று அப்புறம்தான் தெரிந்தது. முட்டை கருகிப் போயிற்று.

கார் இல்லாமல் ஹேஸல்பியில் இருப்பது என்றால் என்ன என்று உனக்குத் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பஸ், அதுவும் ஓட்டுநருக்கு இஷ்டம் இருந்தால். பின்கதவைத் திறந்தால் காற்றில் ஆற்று வாசம் வருகிறது. நான் கதவை மூடிவிடுகிறேன்.

உன் காரில் ஏற மாட்டேன். இந்த ஜென்மத்தில் ஏற மாட்டேன்.

இரண்டு ரோச்! அந்தக் குளிரில் புழுவை யார் போடச் சொன்னது? ரொட்டி போட்டிருக்க வேண்டும். பெரிதாகக் கடிதம் எழுத வந்துவிட்டான்.

நெவில்

(அவர் சொன்ன திட்டுகளில் பாதியைத்தான் எழுதினேன், மெர்வின். நீ எழுதுவதை நிறுத்திவிடாதே. கடிதம் வந்த அன்று ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார். - டோரீன்)

•

பார்ன்பி
ஜனவரி 24

நெவில்,

உன் மூஞ்சியைப் பார்த்துச் சொன்னேன். கோடையில் ஒரு தடவை. வேலியிலிருந்து காரை எடுத்த அன்று ஒரு தடவை. உன் வீட்டு வாசலில் ஒரு தடவை. அன்றைக்கு டோரீனும் பக்கத்தில் இருந்தாள். "கண் டாக்டர்கிட்ட போடா" என்றேன். "போய் உன் வேலையப் பாருடா" என்றாய். சரி, சண்டைக்காக எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அணைக்கட்டுக்குக் கீழே போனேன். நீ சொன்னபடி ரொட்டி. தண்ணீர் நல்ல நிறம். தக்கையை நீ விடுகிற மாதிரியே, கொஞ்சம் பிடித்துப் பிடித்து விட்டேன். சப் மீன்கள் வந்தன. வாயைப் பிளந்துகொண்டு வரிசையாக வந்தன. கடைசியாக வந்தது நான்கு பவுண்டுக்குக் குறையாது.

இதைக் கேள். நாட்டிங்ஹாமில் ஒருவர், பார்வை முழுக்கப் போனவர், இன்னும் மீன் பிடிக்கிறாராம். தக்கையே கிடையாது. ஈயக்குண்டு கட்டி அடியில் போட்டு, தூண்டில் நரம்பை ஆள்காட்டி விரலில் தொட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். மீன் கடித்தால் விரலுக்குத் தெரியும். கண்ணே வேண்டாம். நீ ஏன் அப்படிச் செய்து பார்க்கக் கூடாது?

மெர்வின்

•

ஹேஸல்பி
பிப்ரவரி 2

மெர்வின்,

ஈயமா? என்னிடமா சொல்கிறாய்? குண்டைக் கட்டித் தண்ணீரில் எறிந்துவிட்டுத் தூங்குகிறவனையெல்லாம் நாம் இரண்டு பேரும் எத்தனை வருஷம் கேலி செய்திருக்கிறோம்? "அண்ணே, குண்டு போட்டாச்சா, தலகாணி கொண்டாரட்டுமா?" என்று நீதானே கத்துவாய். என் அப்பா தக்கை விட்டார், நான் தக்கை விட்டேன். ஆற்றோடு தக்கை போவதைப் பார்ப்பதற்குத்தான் நான் ஆற்றுக்கு வந்தேன். மீன் கிடைத்தால் அது மேல்வரும்படி.

எனக்கு எப்படித் தெரிகிறது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. டாக்டரும் எழுத்துப் பலகையைக் காட்டிப் படி என்கிறாரே தவிர, எப்படி இருக்கிறது என்று கேட்பதில்லை. நீயும் கேட்கவில்லை. சொல்கிறேன். நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு கறை. எதைப் பார்க்க வேண்டுமோ அது மட்டும் இல்லை, சுற்றியிருக்கிற வேண்டாததெல்லாம் இருக்கிறது. டோரீன் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் காதைப் பார்க்க வேண்டும். தக்கையின் நுனி தீக்குச்சித் தலை அளவு. அதை எந்தக் காதை வைத்துப் பார்ப்பது?

ஜூனில் ஆறு திறக்கும்போது இந்தப் பார்வையும் இருக்காது என்று டாக்டர் சொல்கிறார். "இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்றுதான் சொன்னார், ஆனால் குரலை வைத்து எனக்குத் தெரியாதா? இந்த மார்ச்தான் எனக்குக் கடைசி மார்ச். எனக்குப் பயமாக இருக்கிறது, மெர்வின். டோரீன் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது, எழுது, அவனுக்கும் தெரியட்டும்.

அந்தச் சப் மீன்கள் எங்கே வந்தன? அங்கே தண்ணீரில் கிடக்கிற பெரிய கல்லுக்கு முன்னாலா, பின்னாலா? ஒழுங்காக எழுது. மீன் பிடித்ததை எழுதுகிறவன் மளிகைக்கடை ரசீது மாதிரி எழுதக் கூடாது.

நெவில்

•

பார்ன்பி
பிப்ரவரி 13

நெவில்,

படித்தேன். எப்படித் தெரிகிறது என்று நான் கேட்டிருக்க வேண்டும். பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அதனால் மீனைப் பற்றியே எழுதுகிறேன்.

சப் கல்லுக்குப் பின்னால் வந்தன. போன சனிக்கிழமை படகுத்துறை வளைவுக்குப் போனேன். வில்லோ மரத்துக்கு எதிரே உட்கார்ந்தேன். மதியம் வரைக்கும் ஒன்றும் இல்லை. அப்புறம் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது, ரோச் கூட்டம் வந்து நின்றுவிட்டது. தக்கை மரத்தைத் தாண்டியதும் முங்குகிறது. ஒவ்வொரு தடவையும் அதே இடம். எல்லாம் வெள்ளிக் காசு மாதிரி, துடுப்பெல்லாம் செக்கச்செவேல் என்று. ஒன்றுக்கு மேலுதடு ஒரு பக்கம் மடிந்திருந்தது, சிரிக்கிற மாதிரி. வலையைத் தூக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் ஆற்றிலேயே கொட்டிவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை ரசீது மாதிரி இல்லையே?

மெர்வின்

•

ஹேஸல்பி
பிப்ரவரி 20

மெர்வின்,

டோரீன் உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். முதல் தடவை எனக்கு வாயில் எச்சில் ஊறியது. இரண்டாவது தடவை, "நிறுத்து" என்றேன்.

நீ சொல்கிற சனிக்கிழமை டிரென்ட் கரை புரண்டு ஓடிற்று. அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படியேதான். ரேடியோவில் மணிக்கு ஒரு தடவை சொன்னான். டோரீனின் அண்ணன் ஆடுகளையெல்லாம் மேட்டு வயலுக்கு ஓட்டினான். படகுத்துறை வளைவில் நீ உட்கார்ந்திருந்தால் தண்ணீர் உன் தொப்பிக்கு மேலே போயிருக்கும். வில்லோ மரத்தில் வைக்கோலும் பிளாஸ்டிக் பையும் தொங்குகின்றன என்று அவன் சொல்கிறான். அந்தத் தண்ணீரில் தக்கை விட்டாயாம், ரோச் வந்ததாம்.

அந்த ரோச் எனக்குத் தெரியும். மேலுதடு மடிந்தது. உன் பெண்டாட்டி பிரெண்டா உயிரோடு இருந்த கடைசி வருஷம், நாம் இரண்டு பேரும் போனது. அதைப் பிடித்தது நீ இல்லை, நான். நீ, "பாருடா, உன்ன மாதிரியே இளிக்குது" என்றாய். என் மீனைத் திருடி எனக்கே தபாலில் அனுப்புகிறாயா?

அப்படியானால் கல்லுக்குப் பின்னால் வந்த சப்? அதுவும் கதைதானா?

குருடனுக்குப் படம் காட்டுகிறாயா, மெர்வின்? கார் போனபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. ஆற்றங்கரையில் என்ன நடந்தது என்று எனக்குச் சொல்ல இனி நீ ஒருவன்தான் இருக்கிறாய். நீயே பொய் சொன்னால் நான் எங்கே போவேன்? உண்மையாக எங்கே இருந்தாய் என்று எழுது. இல்லையென்றால் எழுதாதே.

நெவில்

•

பார்ன்பி
பிப்ரவரி 27

நெவில்,

காரில் இருந்தேன்.

சரளைக் குழியில் பிடித்த இரண்டு ரோச் மட்டும்தான் நிஜம். அன்றைக்கு அந்த ரோச்சைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினேன். ஒரு வாத்துதான் இருந்தது. அதற்கப்புறம் நான் தூண்டிலைப் பிரிக்கவே இல்லை.

போகாமலும் இருக்க முடியவில்லை. சனிக்கிழமை விடிந்தால் புழு டப்பாவை எடுத்துக்கொள்கிறேன், டீ போடுகிறேன், கம்பையெல்லாம் காரில் ஏற்றுகிறேன். பிரெண்டா இருந்தால், "தொலைஞ்சு போ, வரும்போது சேத்த வீட்டுக்குள்ள கொண்டாராத" என்று சொல்லி அனுப்புவாள். இப்போது சொல்லவும் ஆளில்லை. மதகு பக்கத்தில் காரை நிறுத்துகிறேன். இறங்க அலுப்பாக இருக்கிறது. கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். வெளியே ஆறு போகிற சத்தம் கேட்கும். டீயைக் குடித்து முடித்ததும் திரும்பி வந்துவிடுவேன். வெள்ளம் வந்த வாரம் அதுவும் இல்லை, வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி வந்து கண்ணாடியைத் தட்டி, "சாவி தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டாள். டப்பாவில் இருந்த ஈப்புழுவெல்லாம் ஈயாகி, டப்பாவைத் திறந்ததும் சமையலறை முழுக்கப் பறந்தன.

உனக்கு என்ன எழுதுவது? போகவில்லை என்று எழுதினால், நீயும் இல்லை, நானும் இல்லை, அப்புறம் அந்த ஆற்றங்கரையில் யார்தான் இருக்கிறார்கள் என்று தோன்றியது. அதனால் நாம் போன நாட்களையே எழுதினேன். ஏமாற்ற நினைக்கவில்லை. எழுதுகிற நேரத்துக்கு நானும் அங்கே இருந்தேன்.

உன்னைக் கேலி செய்தேன் என்று நினைத்தாயானால் அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் லைசென்ஸ் விஷயத்துக்குக் கேட்க மாட்டேன். அந்தப் பெண் தினமும் அதே வழியில்தான் சைக்கிளில் போகிறாள், நான் பார்க்கிறேன். திரும்பவும் அந்த நிலைமை வந்தால் திரும்பவும் எழுதுவேன். அதனால் உன்னை இழந்தாலும் எழுதுவேன். அது எனக்கு எப்படி இருக்கிறது என்று நீயும் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

தண்ணீர் வடிந்துகொண்டிருக்கிறது. மார்ச்சுக்குள் தெளிந்துவிடும். கூப்பிட எனக்குத் தெம்பில்லை. இனிமேல் எழுதவும் மாட்டேன்.

மெர்வின்

•

ஹேஸல்பி
மார்ச் 9

மெர்வின்,

எழுத மாட்டேன் என்றாய். நல்லது. நான் எழுதுகிறேன், நீ படி. இது நிஜமாக நடந்தது.

நேற்று டோரீன் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்த நேரத்தில் நான் ஆற்றுக்குப் போனேன். பஸ்ஸில் போனேன். (திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். போலீசுக்கே ஃபோன் செய்யப் போனேன். இன்னும் இவரோடு நான் சரியாகப் பேசவில்லை, சொல்வதை எழுதுகிறேன், அவ்வளவுதான். - டோரீன்)

முள் கட்டவே முந்தின நாள் காலை முழுக்க ஆயிற்று. நாக்கால் தடவித் தடவி நரம்பைக் கோர்த்தேன். ஆமாம், ஈயம்தான் கட்டினேன். சிரித்துவிட்டாயா? சிரித்து முடி.

பஸ் ஓட்டுகிற பையன், "பெரியவரே, கம்பு யார் கண்ணையும் குத்திடாம பாத்துக்கோங்க" என்றான்.

"என் கண்ணு ஏற்கெனவே போச்சு ராசா, மத்தவங்க கண்ணு பத்திரமாத்தான் இருக்கும்" என்றேன். அவன் பதறிப்போய் பாலத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, கையைப் பிடித்து இறக்கிவிட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் வெட்கம் போய்விட்டது.

பாலத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். ரொட்டியைப் பிசைந்து முள்ளில் வைத்து, கையளவை வைத்தே எறிந்தேன். விரலில் நரம்பு. முதலில் ஆறு மட்டும்தான் தெரிந்தது. சும்மா ஒரு இழுப்பு, நிற்காமல். குச்சி வந்து உரசினால் ஒரு மாதிரி, பாசி மாட்டினால் ஒரு மாதிரி. இத்தனை வருஷம் ஆற்றின் மேல்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. முதுகு வலித்தது, மூக்கு ஒழுகிற்று, எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தேன். அப்போது விரலில் இரண்டு தட்டு. வெட்டி இழுத்தேன்.

சப். எவ்வளவு பெரியது என்று தெரியாது, நான் பார்க்கவில்லை. கைவலையை மூன்று இடத்தில் தவறாக வைத்தேன். கடைசியில் அதுவே சலித்துப்போய் உள்ளே வந்தது என்று நினைக்கிறேன். முள்ளைத் தடவி எடுத்தேன். தலையைத் தொட்டேன், செதில் ஒவ்வொன்றையும் தொட்டேன். வாலை அகலமாக விரித்துப் பார்த்தேன். "மெர்வின், இதப் பாருடா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

பக்கத்தில் நீ இல்லை. கண் தெரியாதவனுக்கும் அது தெரிந்தது.

மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். மேலே பாலத்தில் லாரிகள் போனதால் யாருக்கும் கேட்டிருக்காது.

உன் கேள்விக்கு வருகிறேன். உனக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதனால்தான் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தப் பெண்ணை நான் பார்க்கவில்லை. பிரேக்கில் கால் வைக்கவும் இல்லை. சிவப்புக் கோட்டு என்று நீ கடிதத்தில் எழுதியபோதுதான் அது சிவப்பு என்றே எனக்குத் தெரிந்தது. டோரீனிடம்கூட இதை இன்றைக்குத்தான் சொல்கிறேன், இப்போது, இந்த வரியில். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் எடுத்திருக்கிறாள்.

கார் விஷயத்தில் உன்னை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. நீ செய்தது சரி என்று தெரிகிறது, மனசுதான் வரவில்லை. அது வரும்போது வரட்டும். ஆறு அதுவரைக்கும் காத்திருக்காது.

வியாழக்கிழமையோடு ஆறு மூடுகிறது. காலை ஏழு மணிக்கு வந்து ஹாரன் அடி. பின்சீட்டில்தான் உட்காருவேன், வழியில் உன்னோடு ஒரு வார்த்தையும் பேச மாட்டேன். ஆற்றங்கரையில் இறங்கியதும் பேசுகிறேன்.

நெவில்

(ஏழு மணிக்கு வேண்டாம், மெர்வின், ஆறரைக்கே வா. ஐந்து மணிக்கே எழுந்து வாசலில் நின்றுவிடுவார். இரண்டு பேருக்கும் சாப்பாடு கட்டித் தருகிறேன். - டோரீன்)